டீச்சரிடம் கேளுங்கள்: மலைப்பூக்களும் விதைத் தட்டுகளும்

போன இதழில் டேலியாவுக்குப் பதில் எழுதும்போது, 'நான் இப்போது மலைச்செடிகளைத்தான் விதை போட்டு வளர்க்கிறேன்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை ரோஜாவுக்கும் கேரட்டுக்கும் விடுமுறை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் 28 வருஷம் தாவரவியல் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற 11 சென்ட் சரிவுதான் என் வகுப்பறை. மேலே மேரக்காய் (சௌசௌ) பந்தல், கீழே வேலி வரைக்கும் மலைப்பூக்கள். நடுவில் என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்க மறுக்கும் ஒரு பீன்ஸ் பாத்தி.

*

ஆன்லைனில் 'காட்டுப்பூ விதைக் கலவை' என்று ஒரு பாக்கெட் வாங்கித் தூவினேன். ஆரஞ்சும் நீலமுமாகத் தோட்டமே நிறைந்துபோனது. மறு வருஷம் ஒரு செடிகூட இல்லை, களைதான் இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?
— வாசகி, குன்னூர்

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த ஆரஞ்சு, கலிஃபோர்னியா பாப்பியாக இருக்கும். நீலம், ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் முளைக்கும் கார்ன்ஃபிளவர். அநேகமாகக் காஸ்மாஸும் இருந்திருக்கும், அது மெக்சிகோ. எல்லாமே ஏதோ ஒரு ஊரின் காட்டுப்பூதான், நம் ஊருடையது இல்லை, அவ்வளவுதான். அதிலும் பல ஒரே பருவத்தில் பூத்து முடிந்துபோகிறவை. நம் மழை ஈரத்தில் விதையும் அழுகியிருக்கும்.

அது அழிந்துபோனதற்காக வருத்தப்படாதீர்கள். அழியாமல் பரவியவற்றைப் பார்த்தால்தான் கவலை. ஊட்டியைச் சுற்றி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் முள்புதர் கோர்ஸ், அதன் ஒன்றுவிட்ட தம்பி ஸ்காட்ச் புரூம், ஓடையோரமெல்லாம் வெள்ளைக் குழலாக நிற்கும் காலா லில்லி, சுவர் இடுக்கில் தொங்கும் மெக்சிகோ டெய்சி, ஊரறிந்த உண்ணிச்செடி எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. தோட்டத்துக்கென்று ஆசையாகக் கொண்டுவந்தவைதான் இவற்றில் பல. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காகச் சுற்றுலாக்காரர்கள் இவற்றைத்தான் 'காட்டுப்பூ' என்று படம் பிடித்துப் போகிறார்கள்.

நம் மலையின் சொந்தப்பூக்கள் கொஞ்சம் கூச்ச சுபாவம். சோலைக்காட்டு ஓரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் காட்டுக் காசித்தும்பை, புல்வெளியில் மஞ்சளாக ஹைப்பெரிக்கம், ஊதாவில் ஆஸ்பெக்கியா, காய்ந்தாலும் நிறம் மாறாத வெள்ளை அனஃபாலிஸ், புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் குட்டி வயலா, நல்ல காலமிருந்தால் நீலகிரி லில்லி. பலவற்றுக்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இல்லை. ஆகவே தாவரவியல் பெயரையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் இவை கிடைக்காது. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளைக்கு உள்ளூர்ச் செடிகளுக்கான நாற்றங்கால் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தெரிந்தவர் எஸ்டேட் ஓரம், பழைய பங்களாத் தோட்டம் என்று அனுமதி கேட்டு எடுங்கள். பத்துக் காய் இருந்தால் ஒன்று. காப்புக்காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். விதை எடுப்பது இருக்கட்டும், அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம்.

*

குறிஞ்சி விதை எங்கே கிடைக்கும்? 2030-ல் வீட்டுத் தோட்டத்திலேயே பூக்க வைத்துக் காட்டுகிறேன் என்று பேத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.
— வாசகர், கொடைக்கானல்

ஐயா, வாக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம்.

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பூத்தபின் அந்தச் செடி செத்துப்போகும் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. மலை முழுக்க ஒன்றாகப் பூத்து, ஒன்றாக விதை உதிர்த்து, ஒன்றாகக் காய்ந்துபோகும். உங்கள் ஊரில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. சரி, பூக்காத வருஷத்தில் விதை ஏது? வழி தப்பிப் பூக்கும் ஒன்றிரண்டு செடிகள் எங்காவது இருக்கலாம், ஆனால் அதைத் தேடிப்போவது வேலைக்காகாது. கடையில் யாராவது 'குறிஞ்சி விதை' என்று இப்போது விற்றால், அது வேறு ஏதாவது குறிஞ்சி வகையாக இருக்கும். அந்தக் குடும்பத்தில் பல வகை உண்டு. வருஷா வருஷம் பூப்பதும் உண்டு, வேறு கணக்கு வைத்திருப்பதும் உண்டு.

என் கதையைச் சொல்கிறேன். 2018-ல் உங்கள் ஊர்ப் பக்கம் சொந்த நிலத்தில் குறிஞ்சி பூத்திருந்த ஒரு சிநேகிதி, அடுத்த வருஷத் தொடக்கத்தில் காய்ந்த கதிர்களை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து சமையலறையில் அடுப்பு மேடைக்கு மேலே அலமாரியில் வைத்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டப்', 'டப்'. எலி என்று வீட்டுக்காரர் டார்ச்சோடு எழுந்துவிட்டார். அடுப்புச் சூட்டில் காய் காய்ந்து, வெடித்து, விதையை உறைக்குள்ளேயே தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு காய்க்குள் நாலு விதைக்கு மேல் இருக்காது. தட்டையாக, பழுப்பாக, சீயக்காய்ச் செதில் மாதிரி. அன்றைக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்ததில் 63 இருந்தது.

அந்த வருஷமே மழைக்கு விதைத்தேன். இருபதுக்குப் பக்கம் முளைத்தது, இப்போது ஒன்பது செடி முழங்காலைத் தாண்டி நிற்கிறது. இன்றைக்கு யோசித்தால் நான் செய்தது சரியில்லை என்றுதான் படுகிறது. பழனி மலை விதையை நீலகிரியில் போட்டிருக்கிறேன். இங்கே இருக்கும் குறிஞ்சிக்கு அதன் சரிவுக்கென்று ஒரு கணக்கு உண்டு. என் ஒன்பது செடியும் ஊரோடு ஒட்டாமல் தனியாகப் பூத்தால், தேனீக்கு அது ஒரு வேளைப் பலகாரம்கூட ஆகாது. அந்த மலையின் விதை அந்த மலைக்கே என்று இப்போது கறாராக இருக்கிறேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். 2030-ல் பேத்தியை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பூவைப் பறிக்க விடாதீர்கள். அடுத்த வருஷம் பட்டா நிலத்தில் யாரிடமாவது கேட்டு ஒரு கதிர் விதை வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து விதையுங்கள், தொட்டியில் வேண்டாம், தரையில். அது 2040-களில் பூக்கும்போது அவள் தன் பிள்ளையைக் கூட்டிவந்து பார்க்கட்டும்.

*

காட்டுக் காசித்தும்பை விதையைப் பிடிக்கவே முடியவில்லை. தொட்டால் வெடித்து ஓடிப்போகிறது. ஒருவழியாகச் சேர்த்துவைத்து ஜூனில் போட்டாலும் முளைக்கவில்லை.
— வாசகி, அரவேணு

இரண்டும் ஒரே பிரச்சினைதான் அம்மா. முதலில் பிடிப்பது. பச்சைக் காய் கொழுத்து, தோல் கொஞ்சம் வெளுத்து, கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். அதுதான் பதம். கிள்ளப் போகாதீர்கள். உள்ளங்கையைக் குவித்துக் காயை முழுசாக உள்ளே வைத்து, விரல்களை மூடிக்கொண்ட பிறகு லேசாக அழுத்துங்கள். கைக்குள் ஒரு புழு திடீரென்று சுருண்ட மாதிரி இருக்கும். பயந்து கையைத் திறந்துவிடக்கூடாது. ஐந்து ஓடும் சுருண்டு போயிருக்கும், விதை உள்ளங்கையில் இருக்கும். என் மாணவிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அந்த வகுப்பில் வேறெதுவும் நடத்த முடியாது, எல்லோரும் வேலியோரத்துக்கு ஓடிவிடுவார்கள். நிறைய வேண்டுமென்றால், பழைய வேட்டித்துணியில் சின்னப் பை தைத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். துணி மெல்லிசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

முளைக்காததற்குக் காரணம், நீங்கள் சேர்த்துவைத்ததுதான். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைக்கிற பழக்கத்தில் இதையும் உலர்த்தியிருப்பீர்கள். சோலை ஓரத்துச் செடி அது, ஈரத்தில் விழுந்து ஈரத்தில் கிடக்கும் விதை. நானும் முதல் இரண்டு வருஷம் காகிதப் பொட்டலத்தில் வைத்து ஏமாந்தேன். மூன்றாம் வருஷம் கையில் வெடித்ததை அப்படியே தட்டில் போட்டேன், மேலே ஒரு சிட்டிகை இலைமக்கு. புல் மாதிரி வந்தது. பிடித்த அன்றைக்கே போடுங்கள், அல்லது மறுநாள்.

*

ஐந்து மாதமாகத் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. மண்ணைக் கொட்டிவிடலாமா?
— வாசகர், ஊட்டி

கொட்டாதீர்கள்! என்ன விதை என்று எழுதவில்லையே? அது முக்கியம்.

ஹைப்பெரிக்கம், ஆஸ்பெக்கியா, ரோடோடெண்ட்ரான் இதெல்லாம் தூசி மாதிரி விதை. ஆஸ்பெக்கியா விதையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டி நத்தை மாதிரி சுருண்டிருக்கும், வெறும் கண்ணுக்கு மூக்குப்பொடிதான். இவற்றை மண்ணுக்குள் புதைத்தால் வராது, வெளிச்சம் பட வேண்டும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, ஈரமான தட்டின் மேல் கோலப்பொடி தூவுவதுபோல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் போடக்கூடாது. பூவாளியால் தண்ணீர் விட்டால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஆகவே தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். என் தட்டுகள் எல்லாம் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாக்கள், மேலே பழைய ஜன்னல் கண்ணாடி. முளை கண்ணில் பட்டதும் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாற்றழுகல் வந்து ஒரே ராத்திரியில் மொத்தமும் படுத்துவிடும்.

ஊசிக்கலா மாதிரிப் பழச்செடியாக இருந்தால் கதை வேறு. அது பறவை தின்று, வயிற்றுக்குள் போய் வெளியே வர வேண்டிய விதை. சதையைக் கழுவி எடுத்துவிட்டுப் போட வேண்டும், அப்போதும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கலாம். செங்காந்தளும் அப்படித்தான், மாதக்கணக்கில் உறங்கும். எல்லாம் ஒரே நாளில் முளைத்துவிட்டால், அந்த ஒரு வறட்சிக்கு எல்லாம் செத்துவிடும் அல்லவா? அதனால் முறை வைத்து எழுந்திருக்கும்.

இப்போது நான் மறக்க நினைக்கிற ஒரு விஷயம். நீலகிரி லில்லி விதை ஒரு உறை கிடைத்தது. காகிதச் செதில் மாதிரி, ஓரத்தில் இறக்கை வைத்த மாதிரி விதை. விதைத்தேன், பெயர் எழுதிக் குச்சி குத்தினேன், பேனாவால். கோத்தகிரி மூடுபனியில் பேனா மை எத்தனை நாள் நிற்கும்? இரண்டு மாதத்தில் வெள்ளைக் குச்சி. தட்டில் மெல்லிசாக ஒற்றை இலை ஒற்றை இலையாக ஏதோ எழுந்திருந்தது. புல் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோ கேட்டுக்கொண்டே அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். கடைசிச் செடியைப் பிடுங்கியபோது அதன் அடியில் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ். லில்லிக் கிழங்கு! முதல் வருஷம் அது ஒற்றை இலைதான் விடும், புல் மாதிரிதான் இருக்கும் என்பதை 28 வருஷம் பாடம் நடத்தியவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குப்பைக்குழியில் தேடி ஏழு பொறுக்கினேன், மூன்று பிழைத்தது. நாலாவது வருஷம் ஒன்று பூத்தது. அந்தச் செடியை மறு வருஷம் முள்ளம்பன்றி கிழங்கோடு தின்றுவிட்டது, அது தனிக் கதை.

அதனால் பென்சிலில் எழுதுங்கள். பென்சில் அழியாது.

*

வயலாச் செடியைக் கருப்புப் புழு மொட்டையடிக்கிறது. முதுகில் சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் முள். என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகி, கொடைக்கானல்

மருந்தை அப்படியே கீழே வையுங்கள். முடிந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், பொறாமையாக இருக்கிறது.

அது அநேகமாக இந்தியன் ஃப்ரிட்டில்லரி என்னும் பட்டாம்பூச்சியின் புழு. அந்த முள் குத்தாது, சும்மா மிரட்டல். தென்னிந்தியாவில் இந்தப் பட்டாம்பூச்சி உயரமான மலைகளில்தான் உண்டு, மதுரையிலோ கோவையிலோ தேடினாலும் கிடைக்காது. ஆரஞ்சில் கருப்புப் புள்ளி. பெண்ணுக்கு மட்டும் இறக்கை நுனியில் கருப்பும் வெள்ளையும். வெந்தய வரியன் என்னும் இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரி வேஷம் போடுகிறது, ஏனென்றால் வெந்தய வரியன் கசக்கும் என்று பறவைக்குத் தெரியும். இந்தப் புழு தின்பது வயலாக் குடும்பத்தை மட்டும்தான். எருக்கம் இலையைப் போட்டாலும் தின்னாது, உங்கள் பீன்ஸ் பக்கம் எட்டியும் பார்க்காது.

வயலா மொட்டையானாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். எனக்குத் தெரிந்து இந்தச் செடிக்கு விதை போடும் வேலையே வேண்டாம், ஒரு தொட்டி வாங்கி வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் பூவைத் தவிர, தரையோடு தரையாக ஒரு ரகசியப் பூவும் விடும். மொட்டாகவே இருந்து, திறக்காமலே உள்ளுக்குள் கருத்தரித்துக் காயாகிவிடும். காய் மூன்றாகப் பிளந்து, படகு மாதிரி ஒவ்வொரு பிளவும் விதையை நெருக்கி வெளியே தள்ளும். அந்த விதையில் எண்ணெய்ப் பசையாக ஒரு சின்ன முனை உண்டு. எறும்புக்கு அதுதான் வேண்டும். புற்றுக்கு இழுத்துப்போய், முனையைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையில் எறியும். எறும்புக் குப்பையைவிட நல்ல நாற்றங்கால் உண்டா? என் வீட்டுப் படிக்கட்டு இடுக்கெல்லாம் வயலா முளைத்திருப்பது என் வேலை இல்லை.

அதனால் தோட்டத்தில் எறும்புப்பொடி போடுவதையும் நிறுத்திவிடுங்கள். அடுத்த வருஷம் பத்து வயலா இருந்தால், ஐந்து புழுவுக்கு.

*

மண்ணுக்கு எவ்வளவு தொழுவுரம்? எந்த மாதத்தில் விதைக்கலாம்?
— வாசகர், கட்டபெட்டு

ஒரு கூடைகூட வேண்டாம். நம் புல்வெளிச் செடிகள் சத்துக் குறைந்த புளிப்பு மண்ணில் பழகியவை. உரம் போட்டால் கிக்குயூ புல்தான் கொழுக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தப் புல் ஒரு சாண் வேர் விட்டுவிட்டால், உங்கள் அனஃபாலிஸ் மூச்சுமுட்டிச் சாகும். காய்கறி போட்டு உரம் ஏறிய பாத்தியாக இருந்தால், மேல்மண்ணை அரையடி வெட்டி மேரக்காய்க்குக் கொண்டுபோய்ப் போடுங்கள், அடிமண்ணில் விதையுங்கள். என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால், நல்ல மண்ணை வெட்டி எறிந்துவிட்டுச் செம்மண்ணில் விதை தூவும் மருமகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

காலமும் கேட்டிருந்தீர்கள். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் மழை. கோத்தகிரியில் தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மறைத்துக்கொள்கிறது, நமக்கு ஐப்பசி மழைதான் பெருமழை. ஆனால் ஐப்பசியில் விதைத்தால் குட்டி நாற்று மார்கழி உறைபனியில் மாட்டும். ஆகவே தட்டில் ஜூனிலேயே போட்டு வளர்த்து, நாலு இலை விட்டதை ஐப்பசிக்கு முன் தரையில் நட்டுவிடுவேன்.

*

சோலை ஆர்க்கிட் விதை கிடைத்தது. எப்படிப் போடுவது?
— வாசகர், குன்னூர்

போட முடியாது. அந்த விதைக்குள் சோறே கிடையாது, ஒரு குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். எடுத்த இடத்திலேயே ஊதிவிடுங்கள்.

*

எங்கள் குழு இந்த மழைக்கு ஆயிரக்கணக்கில் விதைப்பந்து செய்து மலைப் புல்வெளியில் வீசப்போகிறோம். எந்த விதை நல்லது?
— வாசகர், திண்டுக்கல்

தம்பி, உங்கள் மனசு நல்லது, ஆனால் தயவுசெய்து வீசாதீர்கள்.

கீழே இருந்து வருகிறவர்களுக்கு மேலே புல்வெளி என்றால் மரம் போன இடமாகத் தெரிகிறது. மரம் போன இடம் இல்லை, மரம் எப்போதும் இல்லாத இடம். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், இரண்டும் சேர்ந்துதான் இந்த மலை. மழையைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து ஓடைக்கு விடுவதில் புல்லுக்குப் பெரும்பங்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலும் அப்புறமும் 'சும்மா கிடக்கிறது' என்றுதான் சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். இன்றைக்குச் சீகையை வெட்ட வெட்ட, மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து மறுபடி மறுபடி முளைக்கிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். சதுப்பு சுருங்கச் சுருங்க, அந்தப் புல்லுக்கே பஞ்சம். அந்த இடத்தில் வேம்பும் புங்கனும் பந்தாக விழுந்தால் பனியில் சாகும். சாகாத விதையாக இருந்தால் அது இன்னும் மோசம்.

செய்த பந்துகளை உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் போடுங்கள். மலைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், களைச்செடி பிடுங்கும் குழுக்களோடு வனத்துறை அனுமதியுடன் ஒரு நாள் வாருங்கள். முதுகு வலிக்கும்.

*

பூ முடிந்த தண்டுகளை வெட்டாமல் விட்டிருக்கிறேன். 'வீடா இது, பாம்புப் புதரா' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. காட்டெருமை வேறு வருகிறது. என்ன செய்ய?
— வாசகி, கோத்தகிரி

இந்த அக்கா எல்லாத் தெருவிலும் இருக்கிறார்.

தண்டை வெட்டாமல் விட்டது சரிதான். தட்டில் நான் போடும் விதையைவிட, காய்ந்த தண்டிலிருந்து தானாக உதிர்ந்து முளைப்பதுதான் திடமாக வருகிறது. டிசம்பர், ஜனவரியில் சில்லைகள் வந்து அந்தக் காய்ந்த தலைகளில் தொங்கிக்கொண்டு கொறிப்பதைக் காலைக் காப்பியோடு பார்க்கலாம். ஓட்டைத் தண்டுக்குள் குட்டிக் காட்டுத்தேனீக்கள் குடும்பம் நடத்தும். பிப்ரவரி கடைசியில், அதுவும் பாதியை மட்டும், முழங்கால் உயரத்துக்கு வெட்டுவேன்.

ஆனால் அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் இரண்டடி அகலத்துக்குப் பாதையைச் சுத்தமாகச் செதுக்கி வையுங்கள், ஓரத்தில் கல் அடுக்குங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். செதுக்கிய பாதை ஒன்று இருந்தால் மீதிப் புதரெல்லாம் 'வேண்டுமென்றே வைத்தது' என்று ஆகிவிடுகிறது! எனக்கு இது தெரிய மூன்று வருஷம் ஆனது.

காட்டெருமையைத் தடுக்க வழி இல்லை. முள்வேலி அதற்குச் சொறிந்துகொள்ளத்தான். வழக்கமாக வரும் தடத்தை விட்டுவிட்டு, செடியைத் தள்ளி நடுங்கள். விரட்டப் போகாதீர்கள், கிட்டே போய்ப் படம் எடுக்கவும் போகாதீர்கள். என் பாத்தியில் ஒரு குளம்பு அழுந்திய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஓரமாக ஹைப்பெரிக்கம் நாற்று பதினாலு வந்தது. நான் தட்டில் கஷ்டப்பட்டு எடுத்தது ஆறு.

*

செங்காந்தள் நம் மாநிலப் பூவாச்சே, மலையில் வளர்க்கலாமா?
— வாசகி, தாண்டிக்குடி

உங்கள் உயரத்துக்கு வரும், ஊட்டிக் குளிருக்கு வராது. விதைக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டுப் பயிரே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் நடுவது கிழங்கு. விதையிலிருந்து என்றால் பூப் பார்க்க மூன்று, நாலு வருஷம். கிழங்கும் விதையும் கடும் விஷம், தின்றால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

*

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எல்லாப் பூவுக்கும் நாலு வருஷம், பன்னிரண்டு வருஷம் என்கிறீர்கள். சீக்கிரம் பூக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் டீச்சர்.
— வாசகி, கெங்கரை

நியாயமான கேள்வி கண்ணு. நீ கேட்டதற்கு காட்டுக் காசித்தும்பைதான். இந்த மழைக்குப் போட்டால் அடுத்த மழையில் பூ பார்க்கலாம், பல வருஷம் இருக்கும். விதைக்கு எங்கேயும் எழுத வேண்டாம், தேயிலைத் தோட்டத்து ஓடையோரத்தில் நிழலில் தேடு. பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ, அட்டை இருக்கும். காய் வெளுத்திருக்கிறதா என்று பார். தொடுவதற்கு முன் கையை மூடிக்கொள்.